கடைசலில் பிறக்கும் பேனா
பந்துமுனைக்குத் தோற்ற பிறகும் கையால் செய்த மைப் பேனாக்களுக்கு மவுசு குறையவில்லை

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் குஷாய்குடா ஸ்டேஷனரி கடைகளில் கூட்டம் அலைமோதும். நோட்டு, பிரவுன் அட்டை, லேபிள், டஜன் கணக்கில் ஜெல் பேனா. 1967இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஹைதராபாத்தின் இந்தப் பகுதியில் எழுதுபொருளுக்குப் பஞ்சமில்லை. மைப் பேனா பிரியர்களின் விலாசம் மட்டும் வேறு: நகருக்குள், அபிட்ஸில் 1928இல் உதயமான டெக்கான் பென் ஸ்டோர்ஸ்.

வெளிநாட்டுப் பேனாக்களை விற்றதோடு டெக்கான் நின்றுவிடவில்லை. தன் பெயரிலேயே எபனைட் பேனாக்களையும் கடைந்து விற்றது. 'அட்வகேட்', 'ஆத்தர்' என்று வக்கீலையும் எழுத்தாளரையும் குறிவைத்த பெயர்கள். இன்று அவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

எபனைட் என்பது வேறொன்றுமில்லை, ரப்பர்தான். கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் மரம்போல் இறுகிவிடும். அந்தத் தடியை அளவாக அறுத்து, துளையிட்டு, கடைசலில் பிடித்து உளியால் சீவி, மூடிக்கும் உடலுக்கும் மரை வெட்டி, மெருகேற்ற வேண்டும். மரை மயிரிழை பிசகினால் மை கசியும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பேனாவுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் அது கையில் பிடித்தால் எபனைட் போல் இதமாகவும் இருக்காது.

இந்தப் பேனாக்களுக்குள் ரப்பர் குழாயோ உறிஞ்சியோ இல்லை. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றவேண்டியதுதான். பக்கம் பக்கமாக எழுதலாம். மை பாதிக்கும் கீழே இறங்கினால்தான் வம்பு. உள்ளங்கைச் சூட்டில் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ள, நிப் சொட்டென்று கக்கிவிடும். சட்டைப்பை நீலமான தலைமுறைக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த பேனாவுக்கு அரசியல் முக்கியத்துவமே உண்டு. தஞ்சாவூரில் பிறந்த தமிழர் ஜே.சி. குமரப்பா மூலம் காந்திக்கு அது போய்ச் சேர்ந்தது. எழுதிப் பார்த்த காந்தி, கடைவீதியில் கிடைக்கும் அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்ற பொருளில் 1935 ஜூலையில் ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார்.

தமிழ்நாடும் சளைக்கவில்லை. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ 'காமா' பேனாக்களை விற்றது. திருவள்ளூரில் எம்.எஸ். பாண்டுரங்கனின் பட்டறையில் பிறந்தது 'ரங்கா'. பிறகு வந்தது பந்துமுனைப் படையெடுப்பு. வெள்ளை உடலும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் பேனா மாணவர்களின் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஃபில்லர் வேண்டாம், கழுவ வேண்டாம், கறையும் இல்லை. வசதிக்கு முன்னால் இதம் எடுபடவில்லை.

கைப் பேனாவைக் கைதூக்கிவிட்டது, எழுத்தையே ஒழித்துவிடும் என்று பலர் பயந்த கம்ப்யூட்டர்தான். இணையம் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பேனாப் பித்தர்கள் திருவள்ளூரைக் கண்டுபிடித்தார்கள். பருமன், நீளம், நிறம் எல்லாம் சொல்லி அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் வரவழைக்கிறார்கள். பலர் கேட்பது ஜெர்மன் நிப். சுதேசிப் பேனா என்று காந்திக்கு அனுப்பிய பரம்பரைக்கு இது கொஞ்சம் வேடிக்கையான திருப்பம்.

வாங்க ஆளிருக்கிறது. கடைய ஆள்தான் வேண்டும். மரையின் இறுக்கத்தை விரல்நுனியால் அறியும் பக்குவம் பட்டறையில் பல வருடம் நின்றால்தான் வரும். அதைப் பாடமாக நடத்தும் பள்ளி இல்லை. பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. மகனுக்கு விருப்பம் இருக்கவேண்டும்.