ஓசூரா, கிருஷ்ணகிரியா? ஒரு வாடகைக் கணக்கு!

பெண் பார்ப்பது சுலபம் சார். ஊர் பார்ப்பதுதான் கஷ்டம். பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜி, பஜ்ஜியாவது நிச்சயம். ஊர் பார்க்கப் போனால் வீட்டு புரோக்கருக்கு நாம்தான் டிபன் வாங்கித் தரவேண்டும்!

விஷயம் இதுதான். சேலத்தில் ஒரே வாடகை வீட்டில் பதினோரு வருஷமாக வேர்விட்டிருந்த எங்கள் குடும்பத்துக்குத் திடீரென்று ஒரு நோட்டீஸ். கொடுத்தது வீட்டுக்காரர் இல்லை. என் சகதர்மிணி வேலை பார்க்கும் கம்பெனி. 'ஜூன் முதல் தேதியிலிருந்து ஓசூர் ஃபேக்டரி அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆஜராகவும்.'

எனக்குப் பிரச்னை இல்லை. பத்திரிகைக்கு எழுதுகிறவன். எந்த ஊரிலும் சும்மா இருக்கலாம். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். எப்படியும் புதுப் பள்ளிக்கூடம்தான். சிக்கல், எழுபத்து நாலு வயது அப்பாவிடமிருந்து வந்தது. ரிடையர்டு கணக்கு வாத்தியார்.

"ஓசூர் எதுக்குப்பா? கிருஷ்ணகிரியில குடியிருப்போம். வாடகை கம்மி. மருமக பஸ்ல போயிட்டு வரட்டும். ஒரே ஜில்லாதானே?"

அப்பாவுக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரியிலிருந்து கூப்பிடு தூரம். பழைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் கிருஷ்ணகிரியில்தான் செட்டிலாகியிருக்கிறார்கள். அவர் சொன்னதில் வாடகை பாதி, சிநேகிதர்கள் பாதி.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். அந்த வாக்கியத்தின் ஆபத்து எனக்கு அப்போது புரியவில்லை.

நான் பி.காம். கவலை வந்தால் நோட்டின் நடுவே கோடு கிழித்துவிடுவேன். இடது பக்கம் ஓசூர், வலது பக்கம் கிருஷ்ணகிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கலெக்டர் ஊர்

முதலில் கிருஷ்ணகிரி. 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கியபோது தலைநகர் அந்தஸ்து கிடைத்த ஊர். கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லாம் இங்கேதான். 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அப்பா வயதில் ஒருவர் வீட்டில் இருந்தால் இது பெரிய வரவு. வலது பக்கம் குறித்துக்கொண்டேன்.

சென்னை, சேலம், பெங்களூரு, திருவண்ணாமலை, குப்பம் என்று ஐந்து திசை ரோடும் வந்து கைகுலுக்கும் ஊர் இது. நடுராத்திரி கண்விழித்தாலும் ஏதாவது ஒரு பஸ் கிடைக்கும். ஆனால் ரயில்? மூச்! வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் வந்துகொண்டிருந்ததாம். 1941-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

கோடை வந்தால் ஊரே மாம்பழ வாசனை. கிளிமூக்கு மாங்காயைக் கூழாக்கி டப்பாவில் அடைக்கும் ஃபேக்டரிகள், வருஷா வருஷம் மாங்கனிக் கண்காட்சி, பொழுதுபோகாவிட்டால் கே.ஆர்.பி. அணை. வெயில்தான் கொஞ்சம் சுள்ளென்று அடிக்கும். வீட்டுக்காரர் ஒருவர் கதவைத் திறந்ததுமே, "மூணு மாச அட்வான்ஸ் குடுங்க, போதும்" என்றார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

மேயர் ஊர்

அடுத்து ஓசூர். ஐம்பது கிலோமீட்டர் மேற்கே போனால் ஆயிரம் அடிக்கு மேல் உயரம் கூடிவிடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரோ ஃபேன் போட்ட மாதிரி ஒரு காற்று. கன்னடத்தில் 'ஹொஸ ஊரு' என்றால் புது ஊர். பெயருக்கேற்ற மாதிரி இன்னமும் புதுசாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுபதுகளில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் இங்கே பிறக்க ஆரம்பித்தன. 2011 சென்சஸில் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ஜனத்தொகை எழுபதாயிரத்துச் சொச்சம். ஓசூருக்கு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம். 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆக, கலெக்டர் அந்த ஊருக்கு, மேயர் இந்த ஊருக்கு. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி!

ரயில் நிலையம் இருக்கிறது. பெங்களூரு நாற்பதே கிலோமீட்டர். (இது காகிதத்தில். திங்கட்கிழமை காலை அத்திப்பள்ளி டோல்கேட்டில் நிற்கும்போது கிலோமீட்டர் கணக்கு செல்லாது.) ஒரே தெருவில் காய்க்காரம்மா தெலுங்கில் விலை சொல்ல, பால்காரர் கன்னடத்தில் பாக்கி கேட்க, ஆட்டோக்காரர் தமிழில் சண்டை போட, பக்கத்துக் கறிக்கடையில் உருது. யுகாதிக்கு வீடு தவறாமல் மாவிலைத் தோரணம். மகள் நாலு பாஷையிலும் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்வாள்.

ஆனால் வாடகை! நாங்கள் பார்த்த தெருவில், கிருஷ்ணகிரியைவிட மாதம் நாலாயிரத்து ஐந்நூறு அதிகம். அதோடு பெங்களூரு காற்று பட்டதால் வந்த வியாதி ஒன்று. வீட்டுக்காரர் ஒருவர் அலுங்காமல், "பத்து மாச அட்வான்ஸ்" என்றார்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு அக்ரிமெண்ட் போட்டால் அதுவும் செல்லும். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிட வேண்டும். நான் பேசினேன். இரண்டு டம்ளர் காபிக்குப் பிறகு பத்து, ஐந்தாக இறங்கியது.

ராத்திரி சேலம் திரும்பி நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். கிருஷ்ணகிரி அமோக வெற்றி. அப்பா முகத்தில் சிரிப்பு. மனைவி நோட்டை வாங்கி இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் இருக்குங்க. நான் எங்கே?"

"புரியலை."

"ஞாயித்துக்கிழமை எல்லா ஊரும் நல்ல ஊர்தான். நாளைக்கு கிருஷ்ணகிரி போயி மாமாவோட சிநேகிதர் வீட்டுல தங்குங்க. செவ்வாய்க்கிழமை காலையில எட்டரைக்கு என் ஃபேக்டரி கேட்ல நில்லுங்க. சாயங்காலம் அஞ்சரைக்குக் கிளம்பித் திரும்பி வாங்க. அப்புறம் பேசலாம்."

ஒரு நாள் கூத்து

ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறியதும் முதல் பாடம்: டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, இந்த மாதிரி ஊர்விட்டு ஊர் போகிற மப்ஸல் பஸ்ஸில் உண்டு. அந்தச் செலவை நான் நோட்டில் எழுதவே இல்லை. குருபரப்பள்ளி, சூளகிரி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறியது. பாதிப் பேர் பெண்கள். அடையாள அட்டை கழுத்தில், டிபன் பை மடியில், தலை ஜன்னலில். அத்தனை பேரும் தூக்கம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். பிரேக் போடும்போது மட்டும் கண் திறக்கும், மறுபடி மூடிக்கொள்ளும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டை அடைந்தபோது எட்டு முப்பத்தைந்து. ஐந்து நிமிஷம் லேட். சாயங்காலம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு திரும்பியபோது ஏழேகால். ஒரு வேலையும் செய்யாமலே இடுப்பு கழன்றுவிட்டது. இவள் அதற்குப் பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரியே கணக்கைத் திருத்தி எழுதினேன். போகவர மூன்றரை மணி நேரம். மாதம் இருபத்தைந்து நாளைக்கு எண்பத்தேழரை மணி. எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் கிட்டத்தட்ட பதினோரு நாள் கூடுதல் உத்தியோகம், சம்பளமே இல்லாமல்! வாடகையில் மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு. பஸ், ஆட்டோவுக்கு மூவாயிரம் போனால் கையில் நிற்பது ஆயிரத்து ஐந்நூறு. அதை எண்பத்தேழரையால் வகுத்தால் மணிக்குப் பதினேழு ரூபாய்.

வாடகை குறைவு என்று நாங்கள் சந்தோஷப்பட்டோமே, அந்த மிச்சத்தை அவள் தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் போட்டிருக்கிறோம். மணிக்குப் பதினேழு ரூபாய் ரேட்டில்!

சேலம் திரும்பி அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பென்சில் எடுத்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல வரிக்கு வரி சரிபார்த்தார். எனக்கு வியர்த்தது.

"விடை சரிதான்ப்பா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வினாவைத்தான் நான் தப்பாப் போட்டுட்டேன்." சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மாடி, ஓசூர் குளிருக்கு எனக்கு ஒரு ஸ்வெட்டர் வேணுமே" என்றார்.

ஊர் மாறப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரியுங்கள். ஆனால் வேலை நாளில் போய் விசாரியுங்கள். தினமும் யார் போகப் போகிறார்களோ, அவர் வழியில் ஒரு தடவை நீங்களும் போய்வாருங்கள். பிறகு கோடு கிழியுங்கள்.

இப்போது ஓசூர்வாசிகள் ஆகிவிட்டோம். ஆபீஸ் விட்டு அரை மணியில் மனைவி வீட்டில். அப்பா மட்டும் மாதம் ஒரு தடவை சிநேகிதர்களைப் பார்க்க கிருஷ்ணகிரி கிளம்பிவிடுவார். "ஒரே ஜில்லாதானே, அம்பது கிலோமீட்டர் என்ன பெரிய தூரம்?"

சாயங்காலம் மாம்பழப் பையோடு திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் சாய்ந்து, அவர் தவறாமல் சொல்லும் வசனம்:

"யப்பா… தினமும் போயிட்டு வர்றவங்க பாவம்டா!"