ஹப்புக்குள் மூன்று கியர்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் செய்த பழைய ராலே சைக்கிள் ஒன்று கைக்குக் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தின் ஹப்பை. மேலே படிந்த பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் ‘ஸ்டர்மி-ஆர்ச்சர்’ என்ற பெயரும், ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளும், பக்கத்தில் சில எண்களும் தெரியும். 62, 5 என்று இருந்தால் அந்த ஹப் 1962 மே மாதம் செய்தது. இடையில் யாராவது சக்கரத்தை மாற்றியிருக்கலாம். என்றாலும் வண்டியின் வயதைக் கணிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அந்த ஹப் அநேகமாக நன்றாகவே இருக்கும். பல வருடம் மூலையில் கிடந்து, கியர் விழாமல், பெடல் வழுக்கிக்கொண்டிருந்தாலும், உள்ளே ஏதாவது உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும், கேபிள் தளர்ந்திருக்கும். பழைய சைக்கிளைச் சீர்செய்ய உட்காருகிறவர்கள் ஆர்வ மிகுதியில் முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிடுகிறார்கள். இந்த வண்டிகளைப் பொறுத்தவரை, எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. ஏன் என்று புரிய, ஹப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஹப்புக்குள்ளேயே கியரை அடக்கும் யோசனை 1890களிலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. வில்லியம் ரைலி என்ற பொறியாளர் இரண்டு வேக ஹப் ஒன்றை உருவாக்கினார். அதற்காக ஒரு கம்பெனியுடன் போட்ட ஒப்பந்தம் அவர் கையைக் கட்டிவிட்டதால், அடுத்து அவர் வடிவமைத்த மூன்று வேக ஹப்பின் காப்புரிமை ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற சகாவின் பெயரில் பதிவானது. ஏறக்குறைய அதே சமயம் ஹென்றி ஸ்டர்மி என்ற பத்திரிகையாளரும் தனியாக ஒரு மூன்று வேக ஹப்பை வடிவமைத்திருந்தார். ராலே முதலாளி ஃபிராங்க் பௌடன் இரண்டு காப்புரிமைகளையும் தன்வசமாக்கிக்கொண்டு, 1903 வாக்கில் ஹப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஸ்டர்மியும் ஆர்ச்சரும் பெயரில் நிலைத்துவிட்டார்கள். பெரும்பங்கு உழைப்பு ரைலியுடையது. அவர் பெயரையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

அதன்பின் பல மாதிரிகள் வந்தன, போயின. 1936-இல் வந்த ஏ.டபிள்யூ. மட்டும் நிலைத்து நின்றது. அந்தக் கம்பெனியின் ஹப்புகள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1939-ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஒரே ஆண்டில் டாமி காட்வின் என்ற இங்கிலாந்துக்காரர் 75,065 மைல் சைக்கிள் ஓட்டினார். கிலோமீட்டரில் 1,20,000-க்கும் மேல். அதில் பெரும்பகுதியை அவர் ஓட்டியது ஸ்டர்மி-ஆர்ச்சரின் நான்கு வேக ஹப் பொருத்திய ராலேயில்.

ஹப்பின் உட்புறத்துக்கு வருவோம். அச்சின் நடுவே 20 பல் கொண்ட ஒரு சிறிய சக்கரம், அச்சோடு அச்சாகவே இருக்கிறது, சுழலாது. அதைச் சுற்றி, அதே 20 பல் கொண்ட நான்கு குட்டிச் சக்கரங்கள் ஒரு கூண்டில் பொருந்தியிருக்கின்றன. இவை எல்லாவற்றையும் வெளியிலிருந்து அணைத்தபடி, உட்புறம் 60 பல் வெட்டிய ஒரு வளையம். நடுவில் இருப்பதைச் சூரியச் சக்கரம் என்றும் சுற்றி வருபவற்றைக் கோள் சக்கரங்கள் என்றும் பொறியாளர்கள் சொல்வார்கள்.

இப்போது கணக்கு. வெளி வளையத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கூண்டு முக்கால் சுற்றுதான் சுற்றும். 60-ஐ, 60-உம் 20-உம் சேர்ந்த 80-ஆல் வகுத்தால் வருவது அந்த முக்கால். திருப்பிச் செய்தால், அதாவது கூண்டை ஒரு சுற்றுச் சுற்றினால், வெளி வளையம் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்று சுற்றிவிடும். செயினின் விசையை வளையத்துக்குக் கொடுத்துக் கூண்டிலிருந்து எடுத்தால் முதல் கியர். மேட்டில் ஏற உதவும். கூண்டுக்குக் கொடுத்து வளையத்திலிருந்து எடுத்தால் மூன்றாம் கியர், சமதரையில் விரட்டலாம். வளையத்துக்குக் கொடுத்து வளையத்திலிருந்தே எடுத்தால் இரண்டாம் கியர். பல்சக்கரங்களின் தலையீடே இல்லாமல் செயின் சுற்றும் வேகத்தில் சக்கரம் சுற்றும். ஒரே பற்களிலிருந்து மூன்று வேகம்! இதில் கூட்டவும் ஒன்றுமில்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை.

எதற்கு விசையைக் கொடுப்பது என்று முடிவு செய்வது, அச்சின் மேல் இடமும் வலமும் நகரும் சிலுவை வடிவக் கிளட்ச். ஹேண்டில் பாரில் உள்ள விசைக்குச்சியைத் தட்டினால் கேபிள் ஒரு சின்னச் சங்கிலியை இழுக்கும். அச்சின் துளைக்குள் புகுந்திருக்கும் அந்தச் சங்கிலி கிளட்சை நகர்த்தும். கேபிளை முழுக்க இழுத்தால் முதல் கியர். முழுக்கத் தளர்த்தினால் உள்ளேயுள்ள ஸ்பிரிங் கிளட்சைத் தள்ளி மூன்றாம் கியரில் நிறுத்தும். அதனால் நடு வழியில் கேபிள் அறுந்தால் வண்டி மூன்றாம் கியரிலேயே நின்றுவிடும். மிதிக்கக் கடினமாக இருக்குமே தவிர வீடு போய்ச் சேரலாம்.

இரண்டாம், மூன்றாம் கியரில் மிதிக்கும்போது ஹப்பிலிருந்து சீராக ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். முதல் கியருக்கான கொக்கிகளைச் சக்கரம் முந்திக்கொண்டு ஓடும்போது அவை பற்களின் மேல் தட்டுகிற சத்தம் அது. முதல் கியரில் மிதிக்கும்போது அது கேட்காது. புதிதாக ஓட்டுகிறவர்கள் பழுது என்று பயப்படுவார்கள். ஆரோக்கியமான ஹப்பின் அடையாளமே இந்தச் சத்தம்தான்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே, கிளட்ச் எதையும் பிடிக்காத ஓர் இடைவெளி ஏ.டபிள்யூ. ஹப்பில் உண்டு. கேபிள் சரியாக இல்லாவிட்டால், எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும் நேரத்தில் கிளட்ச் அந்த இடைவெளியில் விழுந்து, பெடல் திடீரெனக் காற்றில் சுழலும். ஓட்டுகிறவர் பாரின் மேல் மோதி விழுவார். ஆகவே கேபிள் சரிசெய்வதைச் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. கியரை இரண்டில் வைத்துக்கொண்டு வலப்பக்க அச்சு நட்டில் உள்ள சிறு துளை வழியாகப் பார்க்க வேண்டும். சின்னச் சங்கிலி திருகியிருக்கும் கம்பியின் தோள், அச்சின் முனையோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். முன்னே பின்னே இருந்தால், கேபிளும் சங்கிலியும் சேரும் இடத்திலுள்ள திருகைச் சுற்றிச் சரிசெய்து, அதன் பூட்டு நட்டை முறுக்கிவிடலாம்.

இதற்கு முன் செய்ய வேண்டிய வேலை எண்ணெய் விடுவது. ஹப்பின் உடலில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து மெல்லிய எண்ணெயைத் தாராளமாக விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மூன்று கியரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வண்டியை ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அச்சின் ஓரத்தில் கருப்பாக ஒழுகியிருக்கும். பசை இளகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒழுகுவது தெளிகிற வரை இதைத் தொடர்ந்து, பிறகு 20 அல்லது 30 எண் மோட்டார் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். காய்ந்தால் பிசினாகும் சமையல் எண்ணெயோ, துருவை இளக்கும் ஸ்பிரேயோ இங்கே உதவாது. பெரும்பாலான ஹப்புகள் இந்த ஒரு வைத்தியத்திலேயே எழுந்துவிடும். அப்படியும் வழுக்கினால் மட்டும் திறக்கலாம். ஆண்டுகள் பல கடந்தும் வடிவம் பெரிதாக மாறாததால், ஒரு காலத்து ஹப்பின் உறுப்புகள் இன்னொரு காலத்து ஹப்புக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

ஹப்பைவிடத் தொல்லை கொடுப்பது கிராங்க். அதை அச்சோடு பூட்டுவது கோட்டர் பின். ஒரு பக்கம் சரிவாக ராவிய இரும்பு ஆணி. பல வருடம் கிடந்த பின்கள் துருப்பிடித்துக் கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு நேராகச் சுத்தியலால் அடித்தால் மரைப் பகுதி காளான் குடையாக நசுங்கும். அச்சின் பால்ரஸ் கிண்ணங்களும் அடி வாங்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு வையுங்கள். கிராங்குக்கு அடியில், பின் வெளியேற இடம் விட்டு, ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, கனமான சுத்தியலால் தயங்காமல் ஒரே அடி. பத்துச் சின்ன அடிகள் செய்யாததை அது செய்யும். பின்னை அழுத்தித் தள்ளும் பிரஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்பப் பொருத்தும்போது இரண்டு பின்னின் சரிவும் ஒரே கோணத்தில் இருக்கும்படி ராவி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செருக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

இந்த இடத்தில் நம் ஊர் சைக்கிள் கடைக்காரருக்கு மேற்கு நாட்டு மெக்கானிக்கைவிட அனுபவம் அதிகம். 1949-இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அம்பத்தூரில் ஹெர்குலஸ் சைக்கிள் செய்தது. நம் தெருக்களில் ஓடிய அந்தப் பெரிய சைக்கிளுக்குப் பெரும்பாலும் கியர் கிடையாது என்றாலும், கம்பி பிரேக், கோட்டர் பின், 28-க்கு ஒன்றரை அங்குல டயர் எல்லாம் இங்கிலாந்து வண்டியின் வழிவந்தவையே. அந்த டயர் இன்றும் சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கும்.

உதிரி வாங்கும்போது கவனம் தேவை. ராலே தன் ஃபோர்க்குக்கும் கிராங்க் அச்சின் கிண்ணங்களுக்கும் அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்ற இங்கிலாந்துக் கம்பெனிகள் 24 மரை. கடையில் கிடைக்கும் புதுக் கிண்ணம் ராலேயில் ஏறாது. வலிந்து முறுக்கினால் ஃபிரேமின் மரையே போய்விடும். எனவே பழைய கிண்ணங்களைத் தூக்கிப் போடாதீர்கள். துடைத்து, புது பால்ரஸும் கிரீஸும் வைத்தால் ஓடும். டயரிலும் இதே குழப்பம். கேபிள் பிரேக் வண்டிகளின் 26-க்கு ஒன்றே காலே அரைக்கால் அங்குல அளவும், மலைச் சைக்கிளின் 26 அங்குலமும் வேறு வேறு. முன்னதன் ரிம் 590 மில்லிமீட்டர், பின்னது 559. டயரின் பக்கத்தில் அச்சிட்ட மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவதே உத்தமம். ரிம் மாற்ற நினைத்தால் இன்னொன்று: முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. நாற்பது துளை ரிம் தேடி அலைய வேண்டிவரும். கோட்டம் எடுத்தால் சரியாகும் ரிம்மை மாற்றாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

பெயின்டை உரிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சூளையில் சுட்டு இறுக்கிய அந்த எனாமல், கீறலும் தழும்புமாக இருந்தாலும் இரும்பை இன்னும் காக்கிறது. சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். பொன் கோடுகளும் கம்பெனி முத்திரையும் ஒரு முறை போனால் போனதுதான்.

மாற்றியே தீர வேண்டியவை சில உண்டு. பழைய பிரேக் கட்டை, பிரேக் கேபிள், வெடித்த டயர் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது மிகவும் குறைந்துவிடும். தினமும் போக்குவரத்தில் ஓட்டுகிறவர், மேலே சொன்ன சிரமத்தைப் பட்டாவது அலுமினிய ரிம்முக்கு மாறலாம்.

இன்னொரு மாற்றத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். பின்னால் வழக்கமாக 18 பல் சக்கரம் இருக்கும். முன்னால் 48 பல் என்றால் இரண்டாம் கியரில் ஒரு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகும். மூன்றாம் கியரில் ஏழு மீட்டருக்கும் மேல். பின்காற்று இருந்தாலொழிய மூன்றாம் கியருக்கு வேலையே இருக்காது. பின்னால் 22 பல் சக்கரம் போட்டால் மூன்று கியரும் முறையே ஒரு மிதிக்கு சுமார் 3.4, 4.5, 6 மீட்டர் என்று வந்து, மூன்றுமே அன்றாடம் பயன்படும். 1950களின் தொடக்கத்துக்குப் பிந்தைய ஹப்புகளில் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் வளையம். தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். செயினை ஒரு கண்ணி நீட்ட வேண்டியிருக்கும். பழைய சக்கரத்தைப் பத்திரப்படுத்தினால், எப்போது வேண்டுமானாலும் வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம்.

ஸ்டர்மி-ஆர்ச்சரின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000-இல் மூடப்பட்டது. பெயரையும் இயந்திரங்களையும் வாங்கிய தைவானின் சன்ரேஸ் கம்பெனி இன்றும் மூன்று வேக ஹப் செய்கிறது. பழைய ஏ.டபிள்யூ.வுக்கு அதனால் உதிரிக் கவலை அவ்வளவாக இல்லை.

உங்கள் வீட்டிலோ பழைய இரும்புக் கடையிலோ இப்படியொரு வண்டி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் விட்டு, கேபிளைச் சரிசெய்து, பிரேக்கை நம்பும்படி ஆக்கிக்கொண்டு ஓட்டத் தொடங்குங்கள். முதல் சில நாள் ஓட்டிய பின் கோட்டர் பின் நட்டை மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். அழுத்தத்தில் பின் இன்னும் உள்ளே இறங்கியிருக்கும். அதன்பின் மாதம் ஒருமுறை ஹப்புக்குச் சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.