யார் தோற்பது?

மல்யுத்தம் என்னும் பெயரால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மெக்ஸிகோவிலும் பெரிய அரங்குகளில் நடத்தப்பெற்று, தொலைக்காட்சி வாயிலாக நம் ஊர்ச் சிறுவர்களுக்கும் நெடுநாளாகப் பழக்கமாகியிருக்கும் அந்த ஆரவாரக் காட்சியில், வெற்றியும் தோல்வியும் முன்னதாகவே நிர்ணயிக்கப்படுகின்றன என்பது இப்போது யாரும் அறியாத விஷயமன்று. அத்தொழிலில் ஈடுபட்டவர்கள் பல தலைமுறைகளாக அந்த உண்மையை வெளியார் அறியாதபடி காத்து வந்தார்கள். மேடையில் பகைவர்களாகத் தோன்றும் இருவர் ஊருக்கு ஊர் ஒரே வண்டியில் பிரயாணம் செய்வதுகூடத் தொழில் தர்மத்துக்கு விரோதமாகக் கருதப்பட்டது. 1989-ஆம் ஆண்டில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசாங்க மேற்பார்வையிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டு, டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தாரே தாங்கள் நடத்துவது போட்டியன்று, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் ரஸிகர் கூட்டம் கலைந்துவிடவில்லை. ‘யார் ஜெயிப்பார்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ‘யாரை ஜெயிக்க வைத்தால் நன்றாயிருக்கும்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை காண்பதையே உத்தியோகமாகக் கொண்டவருக்குப் ‘புக்கர்’ என்று பெயர். அவர் செய்யும் காரியம் ‘புக்கிங்’. எந்த நாளில், எந்த ஊரில், யாரோடு யார் மோதுவது, எத்தனை நிமிஷம் மோதுவது, எவ்விதமாக முடிப்பது, அந்த முடிவிலிருந்து அடுத்த மாதத்துக்குரிய பகை எவ்வாறு முளைப்பது என்பவற்றையெல்லாம் அவரே வகுக்கிறார். வகுப்பது முடிவை மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எஃகுச் சட்டத்தின்மேல் மரப்பலகை பரப்பி, அதன்மேல் மெல்லிய மெத்தையும் துணியும் விரித்த மேடையில் ஒரு மனிதன் முதுகு பட விழும்போது, அவ்வீழ்ச்சி பொய்யாவதில்லை. ஆதலால், நேற்று எழுதிய திட்டம் இன்று ஒருவருடைய முழங்கால் முறிந்ததனால் பயனற்றுப் போவது இத்தொழிலில் சர்வ சாதாரணம்.

இக்கலை பிறந்ததற்குக் காரணம் சலிப்பு என்றே சொல்லலாம். 1916-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, ஓமாஹா நகரில், ஜோ ஸ்டெக்கரும் ‘ஸ்ட்ராங்க்லர்’ என்று பேர்பெற்ற எட் லூயிஸும் கடும் வெயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்று, கடைசியில் ஜயாபஜயமின்றிப் பிரிந்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் இத்தகைய ஆட்டத்தை மறுபடியும் பார்க்க வருவார்களா? 1920-களில் லூயிஸும், அவருடைய நிர்வாகி பில்லி ஸாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்பவரும் சேர்ந்து இதற்குப் பரிகாரம் கண்டார்கள். ஆட்டத்துக்குக் கால வரம்பு விதித்து, தூக்கி எறிதலும் பாய்தலும் குத்துதலும் கலந்து, வீரர்களை ஒப்பந்தத்தின்கீழ் வைத்துக்கொண்டு, ஊர் ஊராக ஒரே கதையைத் தொடர்ச்சியாக நடத்திச் செல்லும் முறையை ஏற்படுத்தியவர்கள் அந்த மூவரே.

ஆனால், கதையை எழுதுகிறவர் எண்ணியபடியே பாத்திரங்கள் நடந்துகொள்வார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1925 ஜனவரியில் கான்ஸாஸ் நகரில், வேன் மன் என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் லூயிஸ் திட்டப்படியே தம் சாம்பியன் பட்டத்தை இழந்தார். மன் ஆஜானுபாகு, பார்ப்பதற்குப் பட்டத்துக்கேற்றவர், மல்வித்தை மட்டும் அவருக்குத் தெரியாது. ஏப்ரல் மாதம் பிலடெல்ஃபியாவில் அவரை எதிர்த்து நின்ற ஸ்டானிஸ்லாஸ் பிஸ்கோ, தோற்பதாக ஒப்புக்கொண்டு மேடையேறி, மெய்யாகவே மல்லாடத் தொடங்கிவிட்டார். பாவம், மன் மீண்டும் மீண்டும் மண்ணைக் கவ்வ, பட்டம் எதிர்க்கோஷ்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த அநுபவத்துக்குப் பிறகு, பட்டத்தைத் தாங்குகிறவர் அவசியம் நேர்ந்தால் அதைத் தம் பலத்தாலும் காத்துக்கொள்ள வல்லவராயிருக்க வேண்டும் என்ற விவேகம் தொழிலில் வேரூன்றிற்று. 1948-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் பல வட்டாரங்களைச் சேர்ந்த முதலாளிகள் கூடி நிறுவிய என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பு, மறு ஆண்டே லூ தெஸ் என்னும் மெய்யான மல்லரைத் தன் சாம்பியனாகக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தெஸ்தான் 1968-இல் பம்பாய்க்கு வந்து நம் தாராசிங்கிடம் தோற்றவர்.

இனி, புக்கர் எவ்வாறு சிந்திக்கிறார் என்று பார்ப்போம். அவருடைய கையில் இரண்டு வகைப் பாத்திரங்கள் இருக்கின்றன: ஜனங்கள் நேசிக்க வேண்டிய நல்லவனுக்குப் ‘பேபிஃபேஸ்’ என்றும், வெறுக்க வேண்டிய துஷ்டனுக்கு ‘ஹீல்’ என்றும் பரிபாஷை. நல்லவன் துஷ்டனாக மாறுவதும், துஷ்டன் திருந்துவதும் ‘டர்ன்’ எனப்படும். இவற்றை வைத்துக்கொண்டு அவர் முன்னிருந்து பின்னாகக் கதை கட்டுவதில்லை. முகூர்த்தத்தைக் குறித்துவிட்டுப் பிறகு பந்தக்கால் நடும் நாளையும் ஜவுளி எடுக்கும் நாளையும் பின்னோக்கிக் கணக்கிடும் வீட்டுப் பெரியவர்போல, ரெஸில்மேனியா போன்ற மகா நிகழ்ச்சியில் இன்னார் இன்னாரை வெல்ல வேண்டும் என்பதை முதலில் நிச்சயித்து, அந்த வெற்றி அருமையாகத் தோன்றுவதற்கு முன்னால் என்னென்ன தடைகள் நேர வேண்டும் என்று பின்னோக்கி வருகிறார்.

அவ்வாறு வரும்போது அவருக்கு எதிர்ப்படும் பெருஞ்சங்கடம், வெற்றியை யாருக்குக் கொடுப்பது என்பதன்று; தோல்வியை யார் தலையில் வைப்பது என்பதே. வெற்றியை யாரும் வாங்கிக்கொள்வார்கள். தோல்வியோ ஒருவருடைய மதிப்பிலிருந்து சிறிது எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்கும் காரியம். ஆகையால் அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். ‘ஃபினிஷ்’ என்று அவர்கள் வழங்கும் ஆட்ட முடிவில் இத்தனை வகைகள் இருப்பது இதனால்தான். நடுமேடையில் இரு தோள்களும் தரையில் பட, மூன்று எண்ணும் வரையில் எழாமல் கிடந்து தோற்பது பரிபூரணத் தோல்வி. அது வென்றவனுக்குப் பெரிய வரப்பிரசாதம். வெளியிலிருந்து ஒருவன் ஓடிவந்து நாற்காலியால் அடித்ததனால் தோற்பது அரைத் தோல்வி. தோற்றவனிடம் அநுதாபமும், பழிவாங்கும் உரிமையும் மிஞ்சுகின்றன. மேடைக்கு வெளியே பத்து எண்ணிக்கை கடந்ததனாலோ, விதி மீறியதனாலோ தோற்பது பேருக்குத் தோல்வி. அதில் பட்டம் கைமாறுவதில்லை என்பது வழக்கம்.

தோல்வியைச் சாமர்த்தியமாகப் பங்கிட்டதற்கு, நியூயார்க் மாடிஸன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டலாம். இத்தாலியிலிருந்து குடியேறிய புரூனோ ஸம்மார்ட்டினோ, 1963 மே 17-ஆம் தேதி அங்கே பட்டி ராஜர்ஸை 48 வினாடியில் வீழ்த்திப் பட்டம் பெற்று, ஏழரை ஆண்டுகளுக்கு மேல் அதை வகித்தார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வர வேண்டியவர், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெட்ரோ மொராலிஸ்; அவரும் ஜனங்களின் செல்லப்பிள்ளை. இரு நல்லவர்களையும் நேருக்கு நேர் நிறுத்தினால், ஒருவருடைய வெற்றி மற்றவருடைய அன்பர்களைப் புண்படுத்தும். ஆகவே, ‘ரஷ்யக் கரடி’ என்ற வேஷத்தில் உலவிய ஐவான் கோலாஃப் என்னும் கனடாக்காரர் நடுவே புகுத்தப்பட்டார். 1971 ஜனவரி 18-ஆம் தேதி அவர் ஸம்மார்ட்டினோவை வென்றபோது, அரங்கம் முழுவதும் அடங்கிய அடக்கத்தைக் கண்டு, தம் செவிப்புலனே கெட்டுவிட்டதோ என்று ஸம்மார்ட்டினோ ஐயுற்றாராம். மூன்றே வாரத்தில் கோலாஃப் மொராலிஸிடம் தோற்றார். வெறுப்பையெல்லாம் துஷ்டன் சுமந்துகொண்டு வெளியேற, பட்டம் ஒரு நல்லவர் கையிலிருந்து மற்றொரு நல்லவர் கைக்கு மாசின்றி வந்து சேர்ந்தது.

எங்கே தோற்பது என்பதும் சிறிய விஷயமன்று. 1997 நவம்பர் 9-ஆம் தேதி, டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தை விட்டுப் போட்டி நிறுவனத்துக்குச் செல்லவிருந்த பிரெட் ஹார்ட், ஷான் மைக்கேல்ஸிடம் தம் தாய்நாடான கனடாவில் தோற்க இசையவில்லை. மான்ட்ரியால் மேடையில், அவர் அறியாமலே மணியை அடிக்கச் செய்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்தத் தோல்வியைப் பற்றிய வாதம் இன்றளவும் ஓயவில்லை.

இவ்வளவையும் அறிந்துகொண்ட ரஸிகர்கள், வரவிருக்கும் நிகழ்ச்சிக்குத் தாங்களே மனத்துக்குள் புக்கராகி, ஆட்டப் பட்டியலையும் முடிவுகளையும் எழுதிப் பார்க்கிறார்கள். இந்த விநோதப் பொழுதுபோக்குக்கு ‘ஃபேண்டஸி புக்கிங்’ என்று பெயர். இதற்கு ஏற்ற காலம் ஜனவரி மாதத்தை ஒட்டிய ராயல் ரம்பிள் காலம். பாட் பாட்டர்ஸன் என்ற முன்னாள் வீரர் வகுத்த இந்த ஆட்டம், 1988-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் 20 பேருடன் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து 30 பேருக்குரியதாயிற்று. இருவர் முதலில் இறங்க, 90 வினாடியோ இரண்டு நிமிஷமோ கழிந்ததும் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். மேல் கயிற்றைத் தாண்டி எறியப்பட்டு, இரு பாதங்களும் தரையில் பட்டவர் விலக வேண்டும். எஞ்சி நிற்பவருக்கு, 1993 முதல், ரெஸில்மேனியாவில் பட்டத்துக்காக மோதும் உரிமை கிடைக்கிறது. ஒரே ஆட்டத்தில் 29 தோல்விகள்! புக்கருக்கு இதைவிடப் பெரிய பரீக்ஷை வேறில்லை.

உதாரணமாக, பட்டம் ஒரு துஷ்டனிடம் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது என்றும், காயம்பட்டு ஓய்விலிருந்த ஜனப்பிரிய வீரர் ஒருவர் திரும்பி வருகிறார் என்றும், முன்னுக்கு வரத் துடிக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அநுபவமற்ற ரஸிகர், ஜனப்பிரியரைக் கடைசி எண்ணான 30-இல் இறக்கி, பத்துப் பேரைத் தூக்கி எறிய வைத்து, வெற்றிமாலை சூட்டிவிடுவார். அதில் ஒருவருக்கு லாபம், மற்றவர்களுக்கு நஷ்டம். தேர்ந்த ரஸிகரோ இளைஞரை மூன்றாவது ஆளாக இறக்குவார். ஒரு மணி நேரம் அவர் மேடையில் நின்று தவிப்பார். எஞ்சுபவர்கள் இளைஞரும் ஜனப்பிரியருமே. துஷ்டனின் அடியாள் ஒருவன் கயிற்றோரம் ஏறி இளைஞரின் கவனத்தைக் கலைக்க, அடியாளைக் காணாத ஜனப்பிரியர் அந்தக் கணத்தில் அவரைத் தூக்கி எறிந்துவிடுவார். ஜனப்பிரியருக்கு உரிமை கிடைத்தது. தோற்ற இளைஞருக்கோ, ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்த கீர்த்தியும் வஞ்சிக்கப்பட்டோம் என்ற மனத்தாங்கலும் கிடைத்தன. ரெஸில்மேனியாவில் துஷ்டன் பட்டம் இழந்த மறுநாளே அந்த மனத்தாங்கல் வாய் திறக்கும். கோடை முழுவதற்கும் கதை தயாராகிவிடும். ஒரு தோல்விக்கு இத்தனை விளைச்சல்.

ஜனங்களின் விருப்பம் நிஜப் புக்கர்களின் திட்டத்தையே கலைத்துவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், ஜனங்கள் விரும்பிய டானியல் பிரையனைச் சேர்க்காமலே ராயல் ரம்பிள் நடத்தப்பட்டபோது, மிகுந்த பிரியத்துக்குரிய ரே மிஸ்டீரியோ 30-ஆவது ஆளாக வந்தும் அவர்மேல் கூச்சல் எழும்பிற்று. வென்ற படிஸ்டாவையும் அரங்கத்தார் வரவேற்கவில்லை. அந்த அதிருப்தியின் வேகத்தில் கதை திருப்பப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் பிரையனே பட்டம் சூடினார். 2019-இல், காயமுற்ற ஒருவருக்குப் பதிலாக இறங்கிய கோஃபி கிங்ஸ்டனை ஜனங்கள் கொண்டாடத் தொடங்கவே, அவருக்கு ரெஸில்மேனியாவில் பட்டம் வழங்கப்பட்டது. அன்று துஷ்ட வேஷத்தில் அவரிடம் தோற்று அவ்வெற்றிக்கு மெருகூட்டியவர் அதே பிரையன். கோடி ரோட்ஸ் 2023-இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றபோது பலர் சினந்தார்கள். மறு ஆண்டு, அவருக்குரிய இடத்தை ‘ராக்’ என்னும் வீரர் பிடித்துக்கொள்வார்போலத் தோன்றிய சமயத்தில் எழுந்த எதிர்ப்பு, ஏற்பாட்டையே மாற்றிற்று. 2024 ஏப்ரல் 7-ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் ரோட்ஸ் வென்றார். முதல் ஆண்டே வென்றிருந்தால், 1,316 நாள் நீடித்த ரெய்ன்ஸின் ஆட்சியை முடித்த பெருமை அவ்வளவாக அவருக்கு வாய்த்திராது.

ஆகையால், அடுத்த நிகழ்ச்சிக்குக் கற்பனைப் பட்டியல் எழுத முற்படும் அன்பர்கள், வெல்பவர்களின் பெயர்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தோற்பவர்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தத் தோல்வியால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருக்குமாயின், அந்த ஆட்டத்தைத் தயக்கமின்றி அடித்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.