தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல்: முதியவர்கள் எப்போது பயப்பட வேண்டும்?

இன்புளுவென்சா தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வரும் என்று அதைத் தவிர்க்கும் முதியவர்கள் உண்டு. ஊசி போட்ட கையில் நோவு, வீக்கம், உடல் அலுப்பு, இலேசான காய்ச்சல் என்பன வரலாம். பெரும்பாலும் இரண்டொரு நாட்களில் மாறிவிடும். ஊசியாக ஏற்றப்படும் இத்தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் அந்நோய் தொற்றாது.

கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். எனவே ஊசி போட்டபின் குறைந்தது 15 நிமிடமாவது அங்கேயே இருங்கள். முன்னர் ஏதேனும் ஊசி, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

வோபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதையும் தாதியிடம் தெரிவிக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் கண்டல் குறையும். உடலில் ஷெல் துண்டு இருப்பது தடுப்பூசிக்குத் தடையல்ல. காயப்பட்ட கையைக் காட்டி, மற்றக் கையில் போடச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் ஊசியின் தலையில் போடுவதுதான் ஆபத்து. நெஞ்சுநோவு, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் சோர்தல் ஆகியவற்றை ஊசிக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்திருக்கக் கூடாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

போரில் பிள்ளைகளை இழந்தும் பிரிந்தும் தனித்திருக்கும் முதியவர்களுக்கு இதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஊசி போட்ட இரவும் மறுநாளும் அயலவர் ஒருவர் எட்டிப் பார்ப்பது அவசியம்.