நுரையீரலுக்கு வலிக்கத் தெரியாது

விரலில் முள் குத்தினால் அடுத்த நொடியே தெரிந்துவிடுகிறது. பல்லில் கடுகளவு குழி விழுந்தால் ராத்திரி முழுக்கத் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் நாளெல்லாம் ஓயாமல் உழைக்கும் நுரையீரலுக்கு வலி என்றால் என்னவென்று தெரியாது. அதன் காற்று நுண்ணறைகள் முப்பது கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் பிரித்து விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர் வரும். ஒரு சிறிய வீட்டின் தரை. அத்தனை பெரிய பரப்பில், வலியை உணரும் ஏற்பாடு ஏறக்குறைய இல்லை. மார்புக்கூட்டை ஒட்டியிருக்கும் வெளி உறைக்குத்தான் வலிக்கும்.

இந்த மௌனத்துக்குள்தான் நுரையீரல் புற்றுநோய் வளர்கிறது. கெட்டுப்போன ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. முப்பது முறை இப்படி இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டும். அத்தனையும் திரண்டு நின்றால் ஒரு கொண்டைக்கடலை அளவு. அதற்குள்ளாகவே கட்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கடந்திருக்கும். அதைச் சுமக்கும் மனிதருக்கோ ஒரு இருமல்கூட வந்திருக்காது. உலகில் அதிகம் பேரின் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் இது. 2022-ல் மட்டும் ஏறத்தாழ 18 லட்சம் பேர். அந்த எண்ணிக்கைக்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

உறுப்பு பேசாதபோது அதற்காக வேறு யாராவது பேச வேண்டும். புற்றுநோய் சிறப்பு மருத்துவமனையில் நடக்கும் வேலையில் பாதி, அந்தச் சாட்சிகளைத் தேடிப் பிடிப்பதுதான்.

சில சாட்சிகள் உடம்பிலேயே இருக்கின்றன. ஒருவருக்குத் திடீரென்று குரல் கம்முகிறது, வாரக்கணக்கில் சரியாவதில்லை. தொண்டையில் பார்த்தால் புண் இல்லை, கட்டி இல்லை. காரணம் மார்பில் இருக்கலாம். குரல்நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு நேராகத் தொண்டைக்கு வருவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறி வருகிறது. திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போக மதுரையைச் சுற்றி வரும் பேருந்து மாதிரி. வழியில் ஒரு கட்டி அதை நசுக்கினால் நுரையீரல் வாய் திறக்காமலேயே தொண்டை சொல்லிவிடுகிறது. நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி, கைக்குப் போகும் நரம்புகளை அழுத்தித் தோள்வலியாக வெளிப்படும். அந்த வலி வந்தவர்களில் பலர் முதலில் எலும்பு மருத்துவரைத்தான் பார்க்கிறார்கள்.

விரல் நகமும் சாட்சி சொல்லும். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவே வைரக்கல் வடிவில் சிறு இடைவெளி தெரியும். விரல் நுனி உருண்டு பருத்துப்போனவர்களுக்கு அந்த இடைவெளி மறைந்துவிடும். இந்தப் பருமனை 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிரட்டீஸ் குறித்திருக்கிறார். இடைவெளிச் சோதனையை, நோயுற்ற தன் விரல்களிலேயே கவனித்து 1976-ல் எழுதினார் தென்னாப்பிரிக்க இதயநோய் மருத்துவர் லியோ ஷாம்ரோத். இதயக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் சீழ் எனப் பல நோய்களிலும் இது வரும் என்பதால், நகத்தைப் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. சாட்சி கிடைத்தது, விசாரணை இனிமேல்தான்.

நம் நாட்டில் அந்த விசாரணை தடம் மாற ஒரு பெரிய காரணம் உண்டு. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். விடாத இருமல், எடை குறைவது, சளியில் ரத்தம்: இவை டி.பி.க்கும் உரியவை, புற்றுநோய்க்கும் உரியவை. எக்ஸ்ரேயிலும் இரண்டும் ஒரு வெள்ளைத் திட்டுதான். தோல்பாவைக் கூத்தில் திரையில் நிழலைத்தான் பார்க்கிறோம். ஆடும் பாவை இன்னாரென்று திரைக்குப் பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டும். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலேயே, நிழலை மட்டும் நம்பி டி.பி. மாத்திரை தொடங்கிவிட்டால், புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்துவிடுகிறது. கிருமி அகப்படவில்லை, மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை என்றால் நோயையல்ல, நோய்க்கு வைத்த பெயரைச் சந்தேகிக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் அந்தத் திரையை விலக்குகிறது. மார்பை மெல்லிய துண்டங்களாக அரிந்து காட்டுவதால் கட்டியின் ஓரம் வழவழப்பா, முள்முள்ளாகப் பிரிகிறதா, எந்தக் குழாயை ஒட்டி நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். நெடுநாள் அதிகம் புகைத்தவர்களை அறிகுறி தெரியுமுன்பே குறைந்த கதிர்வீச்சுள்ள சி.டி.யில் பார்த்துவந்தால் பலன் உண்டா என்று அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரை வைத்து ஆராய்ந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்ததாக 2011-ல் முடிவு வந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவருவது எளிதல்ல. பழைய டி.பி. விட்டுப்போன தழும்புகள் நம்மவர்களின் நுரையீரலில் ஏராளம். ஒவ்வொன்றும் ஸ்கேனில் ஒரு சந்தேகமாக எழுந்து நிற்கும்.

அடுத்த சாட்சி சர்க்கரை. புற்றுச்செல்கள் சாதாரண செல்களைவிடப் பெருமளவு குளுக்கோஸை விழுங்குகின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். அந்தப் பெருந்தீனியையே தூண்டிலாக்கியதுதான் பெட் ஸ்கேன். குளுக்கோஸ் போலவே தோன்றும் ஒரு பொருளில் கதிர் வீசும் ஃபுளோரின் அணுவைச் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். பசியுள்ள செல்கள் அதை உள்ளே இழுக்கின்றன. ஆனால் செரிக்க முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சிக்கிய இடம் திரையில் ஒளிரும். அந்த ஃபுளோரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். காலையில் தயாரித்ததை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. நோயாளி நேரத்துக்கு வராவிட்டால் மருந்து காத்திருக்காது.

நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா, கல்லீரலுக்குப் போயிருக்கிறதா என்று ஒரே படத்தில் காட்டும் இந்த அற்புதத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. டி.பி.யோடு போராடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களும் பசியோடுதான் இருக்கும். அவையும் சர்க்கரையை இழுத்து ஒளிரும். ஆக, எத்தனை விலையுயர்ந்த இயந்திரத்தில் படம் எடுத்தாலும் படம் படம்தான். கட்டியிலிருந்து ஒரு துளி சதையை எடுத்துப் பார்க்காமல் பெயர் சூட்ட முடியாது.

"ஊசி குத்தினா பரவிடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நுரையீரல் பயாப்சியில் ஊசி போன வழியே நோய் பரவுவது மிக மிக அபூர்வம். பயாப்சி வேண்டாமென்று தள்ளிப்போட்ட மாதங்களில் நோய் தானாகப் பரவுவதோ கண்கூடு.

அந்தத் துளியை எடுக்கப் போகும் பாதைக்கே ஒரு வரலாறு உண்டு. 1897-ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்கில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், விவசாயி ஒருவரின் மூச்சுக்குழலில் சிக்கிய பன்றி எலும்புத் துண்டை இரும்புக்குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார். விறைத்து நின்ற அந்தக் குழாயை வளைய வைத்தவர் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஷிகெடோ இக்கேடா. ஒளியை வளைத்துக் கொண்டுபோகும் கண்ணாடி இழைகளால் ஆன பிராங்கோஸ்கோப்பை 1966-ல் அவர் உலகுக்குக் காட்டினார். இன்று அதன் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவியே உட்கார்ந்திருக்கிறது. மூச்சுக்குழலின் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒலியால் பார்த்து, சுவரைத் துளைத்து, அங்குள்ள நெறிக்கட்டிக்குள் ஊசியைச் செலுத்துகிறார்கள். முன்பு மார்பில் கத்தி வைத்துத் தெரிந்துகொண்டதை, இப்போது மயக்கத்தில் அரை மணி நேரம் படுத்து எழுந்தால் தெரிந்துகொள்ளலாம்.

எடுக்கும் சதை அரிசி மணி அளவு இருந்தால் நல்ல நாள். அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சில் அது 'பிளாக்'. அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இதழ்களைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் முதல் பிரிவு தெரியும்: சிறுசெல் வகையா, மற்றதா. சிறுசெல் வகை படுவேகமாகப் பரவும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு இடம் தராது. முதல் சில சுற்றுக் கீமோவுக்கு வேகமாகச் சுருங்கும், அதே வேகத்தில் திரும்பியும் வரும். மீதி 85 சதவீதம் மற்ற வகைகள். அவற்றுள் இன்று முன்னிற்பது அடினோகார்சினோமா. புகையே பிடிக்காதவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை கேள்வி அங்கேயே நின்றுவிடும். அதை மேலே நகர்த்தியது ஒரு புதிர். ஜெஃபிடினிப் என்ற மாத்திரை 2002-ல் ஜப்பானிலும் 2003-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பெரும்பாலானவர்களுக்கு அது பயன்படவில்லை. ஆனால் பத்தில் ஒருவருக்கு, படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடக்கும் அளவுக்குக் கட்டி கரைந்தது. அந்த ஒருவர் யார் என்று பார்த்தபோது ஆச்சரியம்: பெண்கள் அதிகம், புகைக்காதவர்கள் அதிகம், கிழக்காசியர்கள் அதிகம். 2004-ல் பாஸ்டன் நகரின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் விடையைக் கண்டுபிடித்தன. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு, செல்லின் மேலிருந்து 'வளர்' என்று ஆணையிடும் ஒரு சுவிட்சைச் செய்கிறது. அந்த நோயாளிகளிடம் மரபணுவில் ஒரு சிறு எழுத்துப்பிழை. சுவிட்ச் அணையாமல் நின்றுவிட்டது. மாத்திரை மிகச் சரியாக அந்தப் பிழைபட்ட இடத்தில் போய் அமர்கிறது. இந்தியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருக்கிறது.

2007-ல் ஜப்பானின் ஹிரோயுகி மானோ, இரண்டு மரபணுக்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்ட இன்னொரு பிழையைக் கண்டார்; ஏ.எல்.கே. என்று அதற்குப் பெயர். நான்கே ஆண்டில் அதற்கும் மாத்திரை வந்துவிட்டது. ஒரே நோய் என்று நினைத்தது இப்படி ஒவ்வொன்றாகப் பிரிந்து, இன்று பல நோய்களின் பொதுப்பெயராகிவிட்டது.

அரிசி மணியை இத்தனை சோதனைக்கும் பங்கிட வேண்டும். அதற்கு நாளாகும். சென்னையில் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியானாலும், மும்பையில் 1941-லிருந்து இயங்கும் டாடா நினைவு மருத்துவமனையானாலும், காத்திருப்பு வராந்தாவில் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டெஸ்டா எடுத்துக்கிட்டே இருக்காங்களே, வைத்தியத்தை எப்பங்க ஆரம்பிப்பாங்க?"

நியாயமான பதற்றம். ஆனால் பதில் தெரியாமல் தொடங்குவது ஏன் ஆபத்து என்பதற்கு இம்யூனோதெரபியைப் பார்க்கலாம். நம் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒரு தடைக்கட்டை இருக்கிறது. சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. புற்றுச்செல் தந்திரமாக அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பிடியை விடுவிக்கும் வழிக்கு அடித்தளமிட்ட ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பரவிய நோயோடும் சிலர் பல ஆண்டுகள் வாழ இந்த மருந்து வழிசெய்கிறது. ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை உள்ளவர்களுக்கு இது பொதுவாகப் பயன் தருவதில்லை. அவசரப்பட்டு இதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிழைக்கான ஓசிமெர்டினிப் மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரலே வீங்கி அழற்சியாகும் அபாயம் கூடுகிறது. வரிசை மாறினால் மருந்தே பகையாகலாம்.

பரவாத நோய்க்கு அறுவை சிகிச்சை இன்னமும் முதல் நம்பிக்கை. 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம், ஒரு மடலை மட்டும் எடுக்கலாம் என்று மார்பைத் திறந்து, அது போதாதென்று கண்டு, ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தார். இப்படி ஒரே அறுவையில் முழு நுரையீரலையும் எடுத்துப் பிழைத்த முதல் புற்றுநோயாளி ஜேம்ஸ் கில்மோர். அவரும் ஒரு மருத்துவர். புகைப்பவரான கிரஹாம், சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்புண்டு என்று 1950-ல் எர்ன்ஸ்ட் விண்டருடன் சேர்ந்து நிறுவினார்; பிறகு பழக்கத்தையும் விட்டார். 1957-ல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். ஒற்றை நுரையீரலோடு கில்மோர் 1963 வரை இருந்தார்.

இன்று விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகவே மடலை எடுத்துவிடுகிறார்கள். அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்குக் கதிர் சிகிச்சை. கிராமத்து வழக்கில் 'கரண்டு வைப்பது'. இதில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை, உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்தான். சிக்கல் என்னவென்றால், மூச்சு விடும்போதெல்லாம் கட்டி மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை முன்கூட்டியே ஸ்கேனில் படம் பிடித்து, கதிரை அதற்கேற்பக் குறிவைக்கிறார்கள்.

மாத்திரையால் கரைந்த கட்டியும் ஓராண்டிலோ ஈராண்டிலோ புதிதாக ஒரு பிழை செய்துகொண்டு திரும்பலாம். அப்போது விசாரணை மறுபடி தொடங்கும். இம்முறை ஊசிகூடத் தேவைப்படாமல் போகலாம்; சாகும் புற்றுச்செல்கள் ரத்தத்தில் உதிர்க்கும் டி.என்.ஏ. துணுக்குகளையே படித்துவிட முடிகிறது.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் பேருந்திலோ ரயிலிலோ மடியில் ஒரு பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருக்கலாம். பையில் ஸ்கேன் படங்கள், ஃபைல், அவற்றோடு ஒரு சிறு கவர். "பிளாக் இருக்கு, வெயில்ல வெச்சிடாதீங்க, மெழுகு உருகிடும்" என்று லேபில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஜன்னலோர வெயில் பட்டதும் அவர் பையை நிழல் பக்கம் மாற்றி வைக்கிறார். வலிக்கத் தெரியாத அந்த உறுப்பு சொல்ல வேண்டியது எல்லாம் அரிசி மணி அளவில் அந்தக் கவருக்குள் இருக்கிறது.