கேள்விக்கென்று ஒதுக்கிய நேரம்

(சர்வகலாசாலையின் உள்ளே – 9)

சென்ற வாரம், ஆய்வேட்டுக்குக் கெட்டி அட்டை போட்டுப் பொன்னெழுத்துப் பதித்து, தேர்வுப் பிரிவின் சன்னலில் கட்டணச் சலானோடு சேர்த்து நீட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நம் மாணவரை, பேருந்து நிறுத்தத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு விடைபெற்றுக்கொண்டேன். அவர் இனிப் போக வேண்டிய இடங்கள் இரண்டு: ஒன்று, வாய்மொழித் தேர்வு நடக்கும் அறை, மற்றது, பட்டமளிப்பு விழா மண்டபம். இவ்விரண்டுக்கும் முன்னால் கடக்க வேண்டிய காத்திருப்பு என்னும் நெடுவழி ஒன்று உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். வாய்மொழித் தேர்வு உட்பட இந்த மதிப்பீட்டுக் காரியம் முழுவதும் ஆறு மாதத்திற்குள் முடிய வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால், அந்த ஆறு மாதமும் மாணவர் எதைக் கொண்டு ஜீவனம் செய்வார் என்பதைப் பற்றி விதிக்குக் கவலையில்லை. தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. அதுவும் ஐந்தாண்டுக்கு மேல் நீளாது. அந்தப் பாக்கியம் வாய்க்காதவர்களோ, பகலில் ஏதேனும் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக நின்று, கௌரவம் என்ற சொல்லுக்கும் மாத இறுதியில் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்துகொண்டே, இரவில் அத்தியாயம் எழுதியவர்கள். நான் பழகிய ஆய்வாளர்களில் இந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே அதிகம்.

ஒரு நாள் கடிதம் வரும். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிக்கப்படும். மணமண்டபத்துக்குச் செய்வதுபோன்ற ஏற்பாடுகள் அன்று முதல் தொடங்குகின்றன. வாசலில் பிளக்ஸ் பலகை, மேசைமேல் பூங்கொத்து, வருகைப் பதிவேடு, பட்டுக் கரை போட்ட சால்வைகள், வெளியூரிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கும் தேர்வாளருக்கு விடுதி அறை, பகல் பதினொரு மணிக்குக் கேசரியும் வடையும், மதியம் இலை போட்டுச் சாப்பாடு — இவை அனைத்தும் பெரும்பாலும் மாணவரின் செலவு. எந்த விதியிலும் எழுதப்படாமலே எல்லாரும் பக்தி சிரத்தையோடு அனுசரித்து வருகிற சம்பிரதாயம் இது. ஆய்வு செய்தவரே அன்னதானமும் செய்ய வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரத்தில் உள்ளதோ!

இதற்குள்ளே மறைந்திருக்கும் ரகசியம் யாருக்கும் தெரியாததன்று. தேர்வாளர்களின் அறிக்கைகள் முன்னரே வந்து சேர்ந்துவிட்டன. அவை சாதகமாக இருந்ததனாலேயே இந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. ஆகவே அறையில் அமர்ந்திருப்போர் அனைவரும், எழுதி முடிக்கப்பட்ட தீர்ப்பு வாசிக்கப்படுவதைக் கேட்க வந்தவர்களாகவே தங்களைக் கருதிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்பது நெறியாளருக்குச் செய்யும் அவமரியாதை என்ற அபிப்பிராயமும் எப்படியோ வேரூன்றிவிட்டது. ‘அவையோர் ஐயங்களை எழுப்பலாம்’ என்று அறிவிக்கப்படும்போது, முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுக்கப்பட்ட வினாவை ஒருவர் எழுந்து வாசிப்பார். எழுதிக் கொடுத்தவர் யாரென்று கேட்பது நாகரிகமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், கடற்கரை ஊர்களின் மீன்பிடித் தொழிற்சொற்களைத் தொகுத்த ஒருவரின் தேர்வுக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் அவருடைய தாயாரும் தமக்கையும் அமர்ந்திருந்தார்கள். வந்திருந்த தேர்வாளர் முதியவர். சால்வையை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பின்னிணைப்பைப் பிரித்துத் தகவலாளர் பட்டியலைச் சத்தமாக வாசிக்கும்படி மாணவரைப் பணித்தார். நாற்பது பெயர்களும் வாசிக்கப்பட்டன. “இதிலே ஒரு பெண் பெயர்கூட இல்லையே, தம்பி, ஏலத்தில் நிற்பவரும் கருவாடு காயவைப்பவரும் யார்?” என்று அவர் வினவினார். மாணவர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார். சற்று நேரம் கழித்து, “எனக்குத் தோணலை சார்” என்றார் மாணவர். அன்று அந்த அறையில் பேசப்பட்ட வார்த்தைகளில் ஆய்வின் லட்சணம் பொருந்தியவை இவ்விரண்டு வாக்கியங்களே என்பது என் துணிபு. அதற்குமேல் சம்பாஷணை நீளவில்லை, தேநீர் வந்துவிட்டது.

பட்டமளிப்பு விழா வேறு ஜாதி. 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இங்கிலாந்திலிருந்து அங்கியையும் தோள்பட்டியையும் வருவித்துக்கொண்டது. அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. கல்லூரிப் படிக்கட்டில் மாணவராக ஏறாத உ. வே. சாமிநாதையருக்கு அது 1932-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மதுரையில் 1966-இல் பல்கலைக்கழகம் எழுந்து, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தராகவும் அவருக்குப் பின் மு. வரதராசனார் துணைவேந்தராகவும் வீற்றிருந்த காலத்தில், தென்பாண்டி நாட்டார் பட்டத்துக்காகச் சென்னையை நோக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. திருநெல்வேலியில் 1990-இல் தனிப் பல்கலைக்கழகமே தோன்றி, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளையின் நாடகப் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. அங்கே விழாத் தொடக்கத்தில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து அவருடைய அந்த நாடகத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பதை, அங்கி அணிந்து நிற்கும் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறார்களோ நான் அறியேன்.

முந்திய நாளே ஒத்திகை. எந்தக் கையால் வாங்குவது, எங்கே திரும்பிப் புகைப்படக்காரரைப் பார்ப்பது என்றெல்லாம் உபதேசம். மறுநாள், வரிசை எறும்புபோல் நகர, ஆண்டுக்கணக்கான உழைப்பு மேடையில் சில விநாடிகளில் கைமாறிவிடுகிறது. மூச்சு விடும் நேரம்கூட இல்லாத அந்த இடத்தில் கேள்விக்கு ஏது இடம்?

அந்தக் கடற்கரைச் சொல் மாணவரை அப்படி ஒரு விழா முடிந்த மாலையில் வேப்பமரத்தடியில் கண்டேன். அங்கியைத் தாயாருக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வாழ்த்திவிட்டு, அந்த முதியவரின் கேள்வி என்னவாயிற்று என்று விசாரித்தேன். உதவித்தொகையும் இல்லை, கேட்பாரும் இல்லை என்ற நிலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பேட்டோடு ஏலத் திட்டுக்குப் போய் வருவதாகச் சொன்னார்.

“ஆறு பேரைப் பாத்துட்டேன் சார். ரெண்டு பேரு மட்டும் இன்னும் பேச மாட்டேங்காவ.”

(தொடரும்)