தேநீர்க் கடையும் கணிப்பொறியும்

கணிப்பொறியின் தொடக்க வரலாறு என்றவுடன் போர்க்களமும் அறிவியற் கூடமுமே பலர் நினைவிற்கு வரும். ஆயினும், அலுவலகத்தின் அன்றாடக் கணக்கு வேலையை ஒரு மின்னணுக் கணிப்பொறி முதன்முதலாக ஏற்று நடத்தியது, தேநீரும் ரொட்டியும் விற்ற ஒரு நிறுவனத்திற்காகவேயாம்.

இங்கிலாந்தின் லயன்ஸ் நிறுவனம் 1894ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பிக்காடிலித் தெருவில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. நாளடைவில் கடைகள் பல்கிப் பெருகின. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. அதற்குக் கணக்கெழுதும் செலவு மிகுந்தால் அச்சிறு ஆதாயமும் கணக்கர் மேசையிலேயே கரைந்துபோகும். ஆகவே, கணிதம் பயின்றவரும் அலுவலக நிருவாகிகளுள் ஒருவருமாகிய ஜான் சிம்மன்ஸ், எழுத்து வேலையை எளிதாக்கும் வழிகளை இடைவிடாது ஆராய்ந்து வந்தார்.

1947ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் அலுவலர் இருவர் அமெரிக்கா சென்றனர். அங்கே அவர்கள் அறிந்த செய்தி வேடிக்கையானது: அவர்கள் தேடிச் சென்ற பொறி, தம் நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே உருவாகிக்கொண்டிருந்தது! லயன்ஸ் நிறுவனம் அப்பணிக்கு நன்கொடை அளித்தது. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் பொறி இயங்கியதும், அதனைப் பின்பற்றித் தனக்கென ஒன்றை அமைத்துக்கொண்டது. ‘லியோ’ எனப் பெயர் பெற்ற அப்பொறியில் ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. எண்களை நினைவில் வைக்கப் பாதரசம் நிறைந்த குழாய்கள் பயன்பட்டன. 1951ஆம் ஆண்டில் அது ரொட்டிச் சாலையின் கணக்கைச் செய்யத் தொடங்கியது.

எனினும், 1954ஆம் ஆண்டில் அது மேற்கொண்ட வேறொரு பணியே நாம் ஊன்றி நோக்கத் தக்கது. மறுநாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை பணியாரம் வேண்டும் என்று ஒவ்வொரு கடையின் தலைவியும் நாள்தோறும் பட்டியல் எழுதி அனுப்புவது வழக்கம். அப்பட்டியல்களை அப்படியே பொறியிடம் ஒப்படைத்தால் என்ன? பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒவ்வோர் எண்ணையும் ஒருவர் அட்டையில் துளையிட்டுத்தான் அதற்கு ஊட்டவேண்டும். கூட்டும் வேலை குறைந்து துளையிடும் வேலை மலைபோற் குவியும். டேவிட் காமினர் என்பாரின் தலைமையில் இயங்கிய குழுவினர் முதலில் வேலையையே ஆராய்ந்தனர். ஒரு கடையின் திங்கட்கிழமைத் தேவை பெரும்பாலும் முந்திய திங்கட்கிழமைத் தேவையை ஒத்தே இருந்தது. ஆகவே, கிழமைதோறும் ஒரு நிலையான பட்டியல் வகுக்கப்பட்டது. கடைத் தலைவி அதில் மாற்றம் உண்டாயின் மட்டும் பிற்பகலில் தொலைபேசியில் தெரிவிப்பாள். கேட்டுக்கொண்டே அலுவலகப் பெண் அட்டையில் துளையிடுவாள். மற்றவற்றைப் பொறி கூட்டிக் கணக்கிட்டு, அனுப்பவேண்டிய பண்டங்களின் பட்டியலை அச்சிட்டுத் தரும். மாறாததைத் திரும்பச் சொல்லவேண்டா என்னும் இவ்வெளிய கருத்து, அத்தனை வெற்றிடக் குழல்களினும் மதிப்பு மிக்கது எனலாம்.

பொறியின் விரைவிலே ஓர் இடரும் உண்டு. முப்பது ரொட்டி என்பது தவறுதலாக முந்நூறு எனப் பதிவானால், பழகிய கணக்கர் புருவத்தை உயர்த்துவார். பொறிக்குப் புருவம் இல்லை. ‘இவ்வளவிற்கு மேற்பட்டால் நிறுத்திக் கேள்’ என்று முன்னரே கற்பித்திருந்தாலன்றி, அது முந்நூறையும் அமைதியாக அச்சிட்டுவிடும். ஊதியக் கணக்கில் இக்கவலை இன்னும் பெரிது. எழுத்தர் ஒருவர் எட்டு நிமிடத்தில் செய்த ஓர் ஊழியரின் ஊதியக் கணக்கை லியோ ஒன்றரை நொடியில் முடித்தது. ஆயினும், உழைத்தவன் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கூலியல்லவா அது!

எழுத்தர்களின் பிழைப்பு என்னாகும் என்னும் அச்சம் அன்றும் எழக்கூடியதே; அது புறக்கணிக்கத் தக்க அச்சமன்று. ஆனால் பொறிக்குக் கட்டளை வகுக்கும் புதிய தொழிலும் அங்கேயே பிறந்தது. லயன்ஸ் அலுவலகத்தில் பணி செய்த மேரி கூம்ப்ஸ் என்னும் பெண்மணி, தேர்வில் வென்று 1952ஆம் ஆண்டில் லியோவின் குழுவிற் சேர்ந்தார். வாணிகக் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிய முதற் பெண்மணி அவரே.

லியோ 1965ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அன்று ஒரு கூடத்தை அடைத்து நின்ற பொறியினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கருவி இன்று சிற்றூர் மளிகைக் கடைக்காரரின் சட்டைப் பையில் இருக்கிறது. விற்பனைச் சீட்டு அச்சாகும்போதே அது இருப்பைக் கழிக்கிறது; துவரம் பருப்பு குறித்த அளவிற்குக் கீழே சென்றால் வாங்கவேண்டிய பட்டியலில் சேர்க்கிறது. அந்த அளவு எவ்வளவு என்பதைக் கடைக்காரரே வகுக்கவேண்டும். பண்டிகைக் காலத்தில் அவரே உயர்த்தவும் வேண்டும். எலி கடித்த மூட்டையிலிருந்து சிந்திய பருப்பு எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஆதலால், கருவி வைத்திருக்கும் கடைக்காரரும் இடையிடையே கிடங்கிற்குள் சென்று மூட்டைகளை எண்ணிப் பார்த்து, அவ்வெண்ணைக் கருவியின் எண்ணோடு ஒப்பிடுகிறார்.